கதவுக்குப் பெறகு ஒரு மூச்சு

அழுகையெல்லாம் இல்லக்கா. கோவம் வந்தா எனக்கு மூக்கு செவந்துரும். சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான். தண்ணி பாட்டிலக் குடுத்தீங்க, சந்தோசம். ஆனா நான் அழுகுறேன்னு நெனச்சுக் குடுத்திருந்தா இந்தாங்க, திருப்பி வாங்கிக்கங்க.

காளையார்கோயில்ல ஏறுனதுலருந்து பாக்குறேன், ஓரக்கண்ணாலயே என்னையப் பாத்துக்கிட்டு வர்றீங்க. மதுரை வரைக்கும் போறீங்களா? நானும் மதுரைதான். அப்ப நானே சொல்லிர்றேன். முழுசாக் கேட்டுட்டு ஞாயம் யாரு பக்கம்னு சொல்லுங்க. நடுவுல "பாவம்"னு மட்டும் சொல்லிறாதீங்க. அந்த வார்த்தையக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

என் பேரு யோகலட்சுமி. மதுரையில எம்.ஏ. படிக்கிறேன். எங்க காலேஜுல ஒரு நாடகக் குழு இருக்கு. வசனம் பேசிட்டுப் போற நாடகம் இல்ல, பாட்டு நாடகம். ஆர்மோனியம், டோலக்கு, பின்பாட்டுக்கு ஒரு கூட்டம். பாண்டிச்சாமி சாருன்னு எங்க தமிழ் சாரு, அவரே எழுதி அவரே மெட்டுப் போட்டது. "கரைமேல செல்லாயி"ன்னு பேரு. கண்மாய்க் கரை ஒடையப் போகுதுன்னு மழையில மம்பட்டியத் தூக்கிட்டுப் போன புருசன் வீடு திரும்பல. மறுநாக் காலையில செல்லாயி கரைமேல நின்னு அவனக் கூப்புடுறா. அதான் கடைசிப் பாட்டு. அந்தப் பாட்டுக்காகத்தான் அந்த நாடகமே. பள்ளிக்கூட ஆண்டு விழா, முளைப்பாரித் திருவிழா, புத்தகக் கண்காட்சின்னு ஊரு ஊராக் கூப்புடுவாய்ங்க, நாங்களும் வேனு புடிச்சுப் போயி ஆடிட்டு வருவோம்.

செல்லாயி வேசம் ஜெசிந்தாவுக்கு. நான் மாத்தாளு.

மாத்தாளுன்னா என்னன்னு தெரியாதுல்ல? எல்லா ஒத்திகைக்கும் வரணும். எல்லாப் பாட்டும் தெரிஞ்சிருக்கணும். அதே சேல, அதே சாயத்துல ரவிக்க, எனக்கும் தச்சு வச்சிருப்பாய்ங்க. நாடகம் நடக்கையில படுதாவுக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டு ஒக்காந்து, அவ வாயப் பாத்து நானும் வாயசைக்கணும். அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தா நான் ஏறணும். வரலைன்னா வேன்ல பெட்டி மேல ஒக்காந்து வீட்டுக்கு வரணும். காய்ச்சல் வரணும்னு வேண்டுனியான்னு கேப்பீங்க. எந்த மாத்தாளு அக்கா வேண்டாம இருப்பா? வேண்டுனேன். காய்ச்சலுக்குத்தான் வேண்டுனேன்.

எங்க சாருக்கு ஒரு சட்டம். மாத்தாளு புதுசா எதுவும் செய்யக் கூடாது. ஏன்னா ஆர்மோனியம் வாசிக்கிற மைதீன் அண்ணே ஜெசிந்தாவோட ஒடம்பப் பாத்துத்தான் வாசிப்பாரு. அவ தோளு ஏறுனா அவரு கை ஏறும். பின்பாட்டு ஆளுங்க அவ மூச்சு விடுறதப் பாத்துத்தான் சேருவாய்ங்க. அதனால மாத்தாளு அவ நிக்கிற எடத்துல நிக்கணும், அவ திரும்புற பக்கம் திரும்பணும், அவ மூச்சு வாங்குற எடத்துல மூச்சு வாங்கணும்.

இந்த மூச்சுலதான்க்கா எல்லா வெனையும்.

பாட்டச் சொல்றேன், பாடல, சும்மா சொல்றேன்.

கரையடைக்கப் போனவனே
கால் நனைஞ்சு நிப்பவனே
கதவு தொறந்து வச்சிருக்கேன்
காத்தாட்டம் வந்திரய்யா

கடைசி ரெண்டு வரியும் சேத்து ஒரே மூச்சுல பாடணும். சாரு எழுதுனதே அப்படித்தான். ஆனா ஜெசிந்தாவுக்கு வீசிங். சின்ன வயசுலருந்து. பையில எப்பவும் அந்த உறிஞ்சுற மருந்து இருக்கும். கோயில்ல பாடி வளந்தவ, கொரலு தேனுதான், இல்லங்கல. ஆனா நெஞ்சு பத்தாது. "கதவு"ம்பா, நின்னுரும். ஒரு சின்ன மூச்சு எடுப்பா. மூச்சுன்னா முழு மூச்சு இல்ல, விசில் மாதிரி ஒரு இழுப்பு. அப்புறம்தான் "தொறந்து வச்சிருக்கேன்". மொத ஒத்திகையில அப்படி நின்னதும் நான் நெனச்சேன், போச்சு, இவளத் தூக்கிட்டு என்னையப் போடப் போறாய்ங்கன்னு. சாரு என்னடான்னா கண்ண மூடிக்கிட்டு, "அத அப்படியே வச்சுக்க ஆத்தா"ங்கிறாரு. மைதீன் அண்ணே அந்த இடுக்குல ஒத்தக் கட்டைய ஒரு அமுக்கு அமுக்கி வச்சாரு. டோலக்கு நின்னுச்சு. அதோட அந்தப் பாட்டே அந்த எடத்துல போயி தொங்க ஆரம்பிச்சிருச்சு. எந்த ஊர்ல போட்டாலும் சரி, அந்த இழுப்புக் கேட்டதும் பொம்பளைங்க முந்தானைய எடுத்துருவாய்ங்க. தொண்ட அடைச்சு அழுகுறாளாம் செல்லாயி. அது அழுகையா? நோவு அக்கா அது. நோவுக்குக் கை தட்டுற ஊரு நம்ம ஊரு.

என் நெஞ்சு கல்லு. கண்மாயில இந்தப் பக்கம் முங்குனா அந்தப் பக்கம் எந்திரிப்பேன். நான் எதுக்கு அங்க நிக்கணும்? சாருகிட்ட சண்ட போட்டேன். அவளுக்கு முடியாததால நின்னா, முடியிற நான் ஏன் சார் நிக்கணும்னு. மாத்தாளு வாதாடக் கூடாதுன்னுட்டாரு. சொல்லிக் குடுத்தது ஜெசிந்தாதான். சிரிச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்தா.

"வாயி வழியா எடுக்காதடி, பல்லு நடுவுல எடு. பாதி வந்ததும் நிப்பாட்டிரு. மிச்சம் வராதுன்னு நெனச்சுக்க."

"வராதுன்னு எப்படி நெனைக்கிறது? வருதே"ன்னேன்.

"குடுத்து வச்சவ"ன்னா.

ஒரு நா பூரா ஒக்காந்து படிச்சேன். கடைசியில எனக்கே அடையாளம் தெரியல. அவ இழுப்பும் என் இழுப்பும் ஒண்ணு. மைதீன் அண்ணன அந்தப் பக்கம் திரும்பி ஒக்காரச் சொல்லி மாத்தி மாத்திப் பாடுனோம், அவருக்கே யாருன்னு சொல்லத் தெரியல. ஜெசிந்தா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சதுல அவளுக்கு இழுப்பே வந்துருச்சு, நெசமான இழுப்பு. நான்தான் பையத் தொறந்து மருந்த எடுத்துக் குடுத்தேன்.

மொத மொத எனக்கு வாய்ப்பு வந்தது விருதுநகர்ல. அவளுக்கு முடியல. சாரு மைக்கப் புடிச்சு, செல்லாயியா நடிக்க வேண்டிய ஜெசிந்தாவுக்கு ஒடம்பு சரியில்ல, இன்னைக்கு அந்த வேசத்துல யோகலட்சுமின்னாரு. படுதாவுக்குப் பின்னாடி நிக்கிறேன். என்ன கேட்டுச்சு தெரியுமா? "ப்ச்".

ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல. ஒரு கூட்டமே, சொல்லி வச்ச மாதிரி, "ப்ச்". நீங்க கேட்டிருக்க மாட்டீங்க அக்கா. கல்யாண வீட்டுல பாயாசம் தீந்துருச்சுன்னா வருமே, அந்தச் சத்தம். நான் இன்னும் மொகத்தக் கூடக் காட்டல. பின்னாடி ஒருத்தன், அந்தப் பிள்ளைக்குச் சரியானதும் சொல்லி விடுங்கப்பா வர்றோம்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போறான். நாலு பேரு கூடவே போறாய்ங்க. நான் ஆடுனேன். பாடுனேன். சொல்லிக் குடுத்த எடத்துல நின்னேன், பல்லு நடுவுல இழுத்தேன். ஒண்ணாப்புப் பிள்ள பாட்டு ஒப்பிச்சா தட்டுவாய்ங்கல்ல, அப்படித் தட்டுனாய்ங்க. முடிச்சதும் ஒரு பெரிய மனுசன் வந்து, பரவால்லம்மா, சமாளிச்சுட்டங்கிறாரு.

சமாளிச்சுட்டனாம். அடுப்புல பாலு பொங்குனதயா சமாளிச்சேன்?

அந்த ஐப்பசியிலதான் ஜெசிந்தா போயிட்டா. அடமழை. காளையார்கோயில்ல அவ வீட்டுக்கு வந்திருந்தா. இழுப்பு வந்து, ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்குள்ள. அவ்வளவுதான். அதப் பத்திப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல.

நான் காய்ச்சலுக்குத்தான் வேண்டுனேன்னு சொன்னேன்ல.

நாடகத்த நிப்பாட்டிருவாய்ங்கன்னு நெனச்சேன். அவ அம்மா லூர்தம்மா, அதுதான் நிப்பாட்ட வேணாம்னு சாருகிட்ட ஆளனுப்பிச் சொல்லுச்சாம். மறுபடி ஆரம்பிச்சோம். இப்ப நான் மாத்தாளு இல்ல, நாந்தான் செல்லாயி. அப்படின்னு நான் நெனச்சேன். போயி நின்னா, மேடையோட ஓரத்துல ஸ்டூலு. படுதாவுக்குப் பின்னாடி நான் ஒக்காந்துருந்த அதே ஸ்டூலு. அது மேல ஜெசிந்தா போட்டோ, மாலை, வெளக்கு. சாரு மைக்குல அவளப் பத்தி அஞ்சு நிமிசம் பேசுறாரு. கடைசியில, இன்னைக்கு அந்த வேசத்துல யோகலட்சுமிங்கிறாரு. அந்த வேசத்துல. அவ இருக்கையிலயும் அதான், அவ போன பெறகும் அதான்.

"ப்ச்" சத்தம் இப்ப இல்ல. அதுதான் கொடும. சத்தமே இல்ல. நான் வாயத் தொறக்கல, அதுக்குள்ள மூக்க உறிஞ்சுறாய்ங்க. சிரிக்க வேண்டிய எடத்துல, மொதக் காச்சியில செல்லாயி புருசனக் கேலி பண்ணிப் பாடுவா, அங்கயும் அழுகுறாய்ங்க. கடைசிப் பாட்டு வந்து, "கதவு"ன்னு நின்னு, நான் அந்த இழுப்ப இழுத்தேன் பாருங்க, கூட்டம் மொத்தமும் மூச்ச இழுத்துச்சு. மேடையில நிக்கிறவளுக்குத்தான் அது கேக்கும். அத்தன பேரும் சேந்து உள்ள இழுக்குறாய்ங்க, எனக்கு இல்ல, அவளுக்கு இழுத்துக் குடுக்குறாய்ங்க. முடிஞ்சதும் உள்ள வந்து என் கன்னத்தத் தடவி, "அவளே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு தாயி"ங்கிறாய்ங்க. எந்த ஊருக்குப் போனாலும் இதான். போட்டோவ எடுத்துருங்க சார்னு கேட்டேன். கல்லு மனசுன்னு பேரு வாங்குனேன். என் நெஞ்சு கல்லுன்னு நாந்தான சொன்னேன், அத மனசுக்கு மாத்திட்டாய்ங்க.

இந்த லூர்தம்மா எல்லா நாடகத்துக்கும் வரும். எந்த ஊரா இருந்தாலும் பஸ்ஸு மாறி மாறி வந்துரும். தையல் மிசின் வச்சிருக்கு, பள்ளிக்கூடத்து யூனிபாரம் தைக்கும், அத அப்படியே போட்டுட்டு வந்துரும். சாரு முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வைப்பாரு. வந்து ஒக்காரும், கண்ண மூடும். ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் கண்ணத் தொறக்காது. நான் என்னமா ஆடுனாலும், புருசன் பொணம் மிதக்குறதப் பாக்குற காச்சியில நான் மண்ணுல விழுந்து பெரண்டாலும், தொறக்காது. "கதவு" வரும், இழுப்பு வரும், அந்தம்மா கை மட்டும் நெஞ்சுக்குப் போகும். பாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிரும். என்கிட்ட ஒரு வார்த்த கெடையாது.

சாவு வீட்டுப் பொம்பளன்னு நானும் பொறுத்துப் பாத்தேன். எத்தன தடவ பொறுக்குறது? முன்வரிசையில ஒக்காந்து கண்ண மூடுறது மேடையில நிக்கிறவளுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பிள்ள கொரலு வேணும்னா வீடியோ பாக்க வேண்டியதுதானன்னு மைதீன் அண்ணன்கிட்டக் கேட்டேன். அவரு சொல்லித்தான் தெரியும். வீடியோ இருக்காம், போன்ல எடுத்தது நெறைய இருக்காம். ஆனா அதுல அந்த மூச்சு இல்ல. போனு அத எரைச்சல்னு நெனச்சுத் தொடச்சு விட்ருதாம். பாட்டு மட்டும் சுத்தமா இருக்கு, மூச்சுக் கேக்கல.

மானாமதுரையில ஒரு பள்ளிக்கூடத்து விழா. முடிச்சுட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், மொகத்துல சாயத்தக் கூடக் கழுவல. ஒயர் கூடைய மடியில வச்சுக்கிட்டு லூர்தம்மா ஒக்காந்துருக்கு. எதுக்க போயி நின்னேன். ஏம்மா, நான் அவ்வளவு மோசமாவா நடிக்கிறேன், எதுக்குக் கண்ண மூடிக்கிறீங்கன்னு கேட்டுட்டேன். தப்பா? தப்புன்னா சொல்லுங்க. அந்தம்மாவுக்குக் கோவமே வரல. பக்கத்துல ஒக்காரச் சொல்லிக் கூடைய நகத்துச்சு. நான் ஒக்காரல. அண்ணாந்து பாத்து, ரொம்ப சாதாரணமாச் சொல்லுச்சு.

"மூடுனா அவ இருக்கா தாயி. கண்ணத் தொறந்தா நீதான நிக்கிற."

அக்கா, என்னைய யாராச்சும் செருப்பால அடிச்சிருந்தாக் கூட அடிச்சவள அடிச்சிருப்பேன். இத என்னன்னு அடிக்கிறது? காளையார்கோயில் பஸ்ஸு வந்துச்சு. ஏறிப் போயிருச்சு.

அடுத்தது மதுரையிலேயே, காலேஜுகளுக்கான நாடகப் போட்டி. பெரிய அரங்கு. நடுவருங்க, எங்கெங்கருந்தோ வந்த பிள்ளைங்க. ஜெசிந்தாவத் தெரியாத கூட்டம். சாரு ஸ்டூலையும் போட்டோவையும் அங்கயும் கொண்டாந்து வச்சுட்டாரு, அது வேற. முன்வரிசையில லூர்தம்மா, கண்ண மூடி. கடைசிப் பாட்டு. "கரையடைக்கப் போனவனே"ன்னு எடுக்கையிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இன்னைக்கு நான் நிக்கப் போறதில்லன்னு. "கதவு" வந்துச்சு. மைதீன் அண்ணே கை கட்டையில விழுந்துச்சு. என் கொரலு அவரு கைக்கு மேல ஏறிப் போயிக்கிட்டே இருந்துச்சு, நிக்கல. கதவு தொறந்து வச்சிருக்கேன் காத்தாட்டம் வந்திரய்யான்னு ஒரே மூச்சு. அவரு சட்டுன்னு கைய எடுத்துட்டாரு. டோலக்குக்காரன் முழிக்கிறான். ஒத்தக் கொரலு, வேற ஒண்ணுமில்ல. கல்லு நெஞ்சு அக்கா. எப்படிப் போச்சு தெரியுமா. கண்மாய்க்கு அக்கரை வரைக்கும் போச்சு.

எந்திரிச்சு நின்னு தட்டுனாய்ங்க. பையலுக விசிலடிச்சாய்ங்க. எனக்கு. போட்டோவுக்கு இல்ல, எனக்கு. என் வாழ்க்கையில மொத தடவ.

நான் கீழ பாத்தேன். லூர்தம்மா கண்ணத் தொறந்திருந்துச்சு.

என்னையப் பாத்துச்சு. நல்லாப் பாத்துச்சு. மொறைக்கல, அழுகல. வாசல்ல தட்டுற சத்தங் கேட்டு எந்திரிச்சு வந்து பாத்தா வேற யாரோ நிக்கிறாங்கன்னா ஒரு பார்வ பாப்போம்ல, யாரும்மா, என்ன வேணும்னு. அப்படி. மரியாதையாத்தான் பாத்துச்சு. அப்புறம் எந்திரிச்சு, குனிஞ்சு போச்சு. பின்னாடி இருக்கவய்ங்களுக்கு மறைக்கக் கூடாதுல்ல, அதனால முதுக வளச்சு, சேலைய இழுத்துப் புடிச்சுக்கிட்டு, நாற்காலிக்கு நடுவுல குனிஞ்சே வெளிய போச்சு. இன்னும் கை தட்டிக்கிட்டு இருக்காய்ங்க. அந்தம்மா குனிஞ்சு போறது எனக்கு மட்டும்தான் தெரியுது.

பரிசு எனக்குத்தான். சிறந்த நடிகை. நான் ஏன் பொய் சொல்லணும், சந்தோசமாத்தான் இருந்துச்சு. ராத்திரி பரிசா வாங்குன கேடயத்தத் தலமாட்டுல வச்சுத்தான் படுத்தேன்.

அதுக்குப் பெறகு லூர்தம்மா எந்த நாடகத்துக்கும் வரல. சாரு அந்த நாற்காலிய மட்டும் விடாமப் போட்டு வைக்கிறாரு. நான் ஒரே மூச்சுல பாடுறேன், தட்டுறாய்ங்க. அவளே வந்த மாதிரின்னு இப்ப ஒருத்தரும் சொல்றதில்ல. நான் கேட்டது எல்லாம் கெடச்சிருச்சு. ஆனா பாருங்க, "கதவு" வந்ததும் என் கண்ணு அந்த நாற்காலிக்குப் போகுது. கூட்டம் மூச்ச இழுக்குதான்னு என் காது பாக்குது. இழுக்கல. எப்படி இழுக்கும்? நாந்தான அந்த இழுப்ப விட்டேன். பாட்டு அந்த எடத்துல வழுக்கிக்கிட்டுப் போகுது, புடிமானமே இல்லாம.

சரி, பழையபடி போட்டுப் பாப்போம்னு திருமங்கலத்துல போட்டேன். "கதவு"ன்னு நின்னேன். பல்லு நடுவுல இழுத்தேன், பாதியில நிப்பாட்டுனேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். மைதீன் அண்ணே கட்டைய அமுக்கவே இல்ல. முடிஞ்சதும் போயி ஏன் அமுக்கலன்னு கேட்டா, மூச்சு எங்க வந்துச்சு, நீ மறந்து போயி நின்னுட்டன்னு நெனச்சேங்கிறாரு. கேலி பண்ணல, நெசமாத்தான் சொல்றாரு. இனிமே நிக்கப் போறியா இல்லையான்னு முன்னாடியே சொல்லிரு தாயி, என் கை தடுமாறுதுன்னாரு.

ஒத்திகையில போட்டுப் பாத்தேன். குளிக்கையில போட்டுப் பாத்தேன். மொட்ட மாடியில துணி காயப் போடையில போட்டுப் பாத்தேன். சத்தம் வருது, மூச்சு வரல. டாக்டருகிட்டக் கூடப் போனேன் அக்கா, சிரிக்காதீங்க. நெஞ்சுல கொழாய வச்சுப் பாத்துட்டு, ஒனக்கென்னம்மா, ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்குன்னாரு. அவரு மேல எனக்கு வந்த கோவம் இருக்கே.

அதான் இன்னைக்குக் காலையில பஸ் ஏறுனேன். சண்டைக்குத்தான். சண்டைக்கு இல்லாம வேற எதுக்குப் போறேன்? மன்னிப்புக் கேக்கப் போனதா நெனச்சுக்கிறாதீங்க, நான் எந்தத் தப்பும் பண்ணல. எழுதுன மாதிரி பாடுனது ஒரு தப்பா? பாத்தவுக எல்லாரும் தட்டுறாய்ங்க, நீங்க மட்டும் ஏன் எந்திரிச்சுப் போனீங்கன்னு கேக்கணும். அவ்வளவுதான்.

காளையார்கோயில்ல எறங்கி உள்ள நடந்து போகணும். ஓட்டு வீடு. மிசின்ல ஒக்காந்து லூர்தம்மா பாவாடைக்கு இடுப்புப் பட்டி வச்சுக்கிட்டு இருக்கு, பச்சக் கட்டம் போட்ட யூனிபாரம். என்னையப் பாத்ததும் "வா, சாப்ட்டியா"ங்குது. பதிலுக்குக் காத்திருக்கல, தட்ட வச்சு, கெண்ட மீன் கொழம்பு ஊத்துது. சண்டைக்குப் போனவளுக்குச் சோத்தப் போட்டா எப்படிச் சண்ட போடுறது, சொல்லுங்க. தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. கையக் கழுவிட்டு ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் கொட்டுனேன். ஏன் வரலன்னு கேட்டேன்.

"வந்து கேட்டேனே. நல்லாப் பாடுன தாயி. அது ஒன் பாட்டு. நான் எதுக்கு வந்து நாற்காலிய அடைச்சுக்கிட்டு ஒக்காரணும்?"

இத்தன ஊர்ல, இத்தன சனத்துல, ஒன் பாட்டுன்னு என்கிட்டச் சொன்ன ஒரே ஆளு அந்தம்மாதான். இதத்தானே நான் எல்லார்கிட்டயும் கேட்டேன். குளுகுளுன்னு இருக்கணும்ல? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அதெல்லாம் வேணாம், நான் பழையபடி பாடுறேன், நீங்க கண்ண மூடுங்கன்னேன். வேணாம்னுச்சு. நான் விடல. மூடுங்கம்மா, ஒரே ஒரு தடவன்னு அதட்டுனேன். அவுக வீட்டுலயே நின்னு அவுகள அதட்டுனேன்.

பெடல்லருந்து கால எடுத்துச்சு. துணிய மடியில வச்சுக் கண்ண மூடுச்சு.

நான் நின்னேன். பாடுனேன். ஆர்மோனியம் இல்ல, ஒண்ணும் இல்ல, தெருவுல ஒரு கோழி. "கதவு"ன்னேன். ஜெசிந்தா சொல்லிக் குடுத்த மாதிரி பல்லு நடுவுல எடுத்தேன். பாதியில நிப்பாட்டுனேன். மிச்சம் வராது, வராது, வராதுன்னு நெனச்சேன். அப்புறம் மிச்சத்தப் பாடி முடிச்சேன்.

நான் பாத்தது அந்தம்மா கையத்தான். நெஞ்சுக்குப் போகவே இல்ல. மடியில இருந்த பாவாடை மேலேயே கெடந்துச்சு.

ரொம்ப நேரம் கண்ண மூடியே இருந்துச்சு. மூடிக்கிட்டே தலைய இப்படி ஒரு பக்கமாச் சாச்சுச்சு, எதையோ தேடுற மாதிரி. அப்புறம் தொறந்து என்னையப் பாத்துச்சு. பாத்துக்கிட்டே இருந்துச்சு.

"மூடுனேன், அவ இல்ல. தொறந்தேன், நீயும் இல்லையே தாயி"ன்னுச்சு.

சொல்லிட்டு மிசின ஓட்ட ஆரம்பிச்சிருச்சு. பள்ளிக்கூடத்துக்குச் சாயங்காலத்துக்குள்ள குடுக்கணுமாம்.

அவ்வளவுதான். வந்துட்டேன். இதுக்கு என்னக்கா அர்த்தம்? நான் அங்கதான நின்னேன். கால ஊனி நின்னேன், மீன் கொழம்பு வாடை இன்னும் கையில இருக்கு, மோந்து பாருங்க. நான் இல்லன்னா பாடுனது யாரு? பிள்ளைய எழந்தவுக எத வேணாச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க. எம் பக்கம்தான ஞாயம்? ஜன்னலுக்கு வெளிய பாக்காம சொல்லுங்க.

நாளைக்குக் காரைக்குடியில நாடகம். சாரு போன் பண்ணி ஒரு சந்தோசத்தச் சொல்றாரு, போட்டோவ இனிமே வைக்கப் போறதில்லையாம். மைக்குலயும் ஜெசிந்தா பேரச் சொல்லப் போறதில்லையாம். செல்லாயி, யோகலட்சுமி, அவ்வளவுதான் சொல்லுவாராம். ஒண்ணரை வருசமா இதுக்குத்தான சண்ட போட்டேன். சரிங்க சார்னு வச்சுட்டேன். மைதீன் அண்ணனும் போன் அடிச்சாரு. நாளைக்கு நிப்பியா, நிக்க மாட்டியா, சொல்லிரு தாயின்னு. நான் இன்னும் அவருக்குச் சொல்லல.

சிவகங்க வந்துருச்சா? இல்ல, நான் எறங்கல, மதுரைன்னு சொன்னேன்ல. நீங்க நகந்து ஒக்காருங்க.

என்னது? பாடிக் காட்டவா? இங்கயா?

வேணாங்க்கா. கூச்சமெல்லாம் இல்ல, மேடையில பெரண்டவ நான். எம்புட்டுப் பேரு முன்னாடி வேணாலும் பாடுவேன். ஆனா இப்பக் கேக்காதீங்க. வாயத் தொறந்தா யாரு பாடுவான்னு தெரியாம எப்படிக்கா பாடுறது?